உப்பு மேல சத்தியம்

கோயிலுக்கா? இல்ல தங்கச்சி, கோயிலுக்கு இல்ல. எங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, சத்தியம் பண்ணிருக்கேன். யாருக்கும் மூச்சு விடக்கூடாது.

சரி, கேலாங் பக்கம் ஒரு ஹால். அவ்வளவுதான் சொல்வேன்.

அட, ஏன் அப்படிப் பாக்குறீங்க? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல லா. தியான சபை. வழக்கமா லிட்டில் இந்தியால, டேக்கா மார்க்கெட் பக்கத்துல ஒரு நகைக்கடைக்கு மேல மாடியில நடக்குது. சேரும்போது நாக்குல ஒரு உப்புக்கல்ல வச்சு விடுவாங்க. அது கரையுற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ள நம்ம வேண்டுதலச் சொல்லணும். அப்புறம் சபைய நடத்துற மாதாஜி கையில அடிச்சு சத்தியம். இங்க வர்றத சொந்தக்காரங்களுக்குச் சொல்லமாட்டேன், சிநேகிதங்களுக்குச் சொல்லமாட்டேன், ஆகாதவங்களுக்கும் சொல்லமாட்டேன்னு. மீறினா கேட்டது கிடைக்காதாம். பஸ்ல பக்கத்து சீட்ல உக்கார்றவங்கள அந்தம்மா சேர்க்க மறந்துட்டாங்க. அது என் தப்பா, சொல்லுங்க?

என் வேண்டுதலா? சிரிக்கக்கூடாது. எங்க வீட்டுக்காரர் என்கிட்ட உக்காந்து பேசணும். அதான், வேற ஒண்ணும் கேக்கல. மருதப்பன்னு பேரு, தஞ்சோங் பகார் துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு. வேலையில இருந்தவரைக்கும் வீட்டுக்கு வந்தா கப்பல் கதை, கூட வேலை பாத்தவங்க கதைன்னு வாயே மூட மாட்டாரு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து சாப்பாடு ரெடியா, ரிமோட் எங்க, ஃபேன குறை. முடிஞ்சுது. பிள்ளைங்களும் தனித்தனியா வீடு வாங்கிட்டுப் போயாச்சு. நான் குக்கர்கிட்ட பேசிட்டு இருந்தேன் தங்கச்சி. விளையாட்டா சொல்றேன், ஆனா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

கூத்தப் பாருங்க. அவரு பேசணும்னு வேண்டிக்கப் போயி, அவர்கிட்டயே சொல்லக்கூடாத ஒண்ண நெஞ்சுல வச்சுப் பூட்டிக்கிட்டு வந்துட்டேன்.

இன்னொரு கண்டிஷன், வெங்காயம் பூண்டு தொடக்கூடாது. சமைக்கிறது நான்தானே, மெதுவா நிறுத்திட்டேன். வெங்காயம் இல்லாம இந்த மனுஷனுக்கு ஒரு வாய் இறங்காது. சட்னில இல்ல, சாம்பார்ல இல்ல, ஒரு வார்த்தை கேக்கணுமே? தட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, சாப்ட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. அதோட வியாழக்கிழமை ஆனா ஷேவ் பண்ணி, பவுடர் போட்டுக்கிட்டு கெளம்பறாரு. எங்கன்னு கேட்டா சும்மா நடக்கவாம். பவுடர் போட்டுக்கிட்டு யாரு நடக்கப் போறா?

ஆமா லா, நானும் அதத்தான் நெனச்சேன். எவளோ ஒருத்தி. பேச்செல்லாம் அங்க தீர்ந்துடுது, மிச்சம் மீதிதான் வீட்டுக்கு வருதுன்னு நெனச்சு அழுதுட்டேன். போன வாரம் பின்னாடியே போனேன், குடையால மூஞ்ச மறச்சுக்கிட்டு. லிட்டில் இந்தியால எறங்கினாரு. பஃபலோ ரோட்டத் தாண்டினாரு. நகைக்கடைப் பக்கம் திரும்பி மாடிப்படி ஏறினாரு. நான் செவ்வாய்க்கிழமை ஏறுற அதே படி!

மெதுவா சிரிங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. வெங்காயத்த ஏன் கேக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது, அவருக்கும் அதே பத்தியம். அப்புறம் கீழ ஓரமா நின்னு யோசிச்சேன். அவர் நாக்குலயும் உப்புக்கல்ல வச்சிருப்பாங்கல்ல, என்னத்த வேண்டியிருப்பாரு? பொண்டாட்டிகிட்ட கேக்க முடியாம சாமிகிட்ட கேக்கறதுக்கு அப்படி என்ன இருக்கு? நான் கேட்டா என் சத்தியம் போச்சு, அவரு பதில் சொன்னா அவரோடது போச்சு. நாலு நாளா சோறு போடும்போதெல்லாம் வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன்.

இன்னைக்கு எல்லா குரூப்பும் அந்த கேலாங் ஹால்ல ஒண்ணா கூடுற நாள், வெள்ளையில வரணும். அவரு மலேசியா பக்கம், ஜொகூர்ல ஃப்ரெண்டப் பாக்கப் போறேன்னு காலையிலேயே கெளம்பிட்டாரு. நான் மார்க்கெட்டுக்குன்னு சொல்லியிருந்தேன்.

பெல்லா? ஆமா, அடுத்த ஸ்டாப்தான். வேணாம் தங்கச்சி, நீங்க அமுக்காதீங்க. முன்னாடி வெள்ளை ஜிப்பா போட்டுக்கிட்டு ஒருத்தர் விறைப்பா உக்காந்திருக்காரு பாருங்க, அவர்தான் எங்க வீட்டுக்காரர். எங்கெங்க சுத்திட்டு ஏறினாரோ, நான் ஏறும்போதே பாத்துட்டு டக்குன்னு குனிஞ்சுக்கிட்டாரு. அதுலேர்ந்து டிரைவருக்கு மேல இருக்கற கண்ணாடியில என்னைத்தான் பாத்துட்டு இருக்காரு. நான் அமுக்கினா நான்தான் சத்தியத்த உடைச்ச மாதிரி ஆயிடும். அவரே அமுக்கட்டும், அவரும் அங்கதானே எறங்கணும்.

கையத் தூக்குறாரு. இல்ல, தலையச் சொறியிறாரு.

போச்சு, ஸ்டாப்பத் தாண்டிடுச்சு. ஹால் வாசல்ல எவ்ளோ பேரு வெள்ளையில நிக்கிறாங்க பாருங்க.

அவரு திரும்பல, இன்னும் திரும்பல. ஆனா ஜன்னல் ஓரமா நகர்ந்து உக்காந்து, பக்கத்து சீட்ட கையால தட்டி விடுறாரு.

கொஞ்சம் கால ஒதுக்குங்க தங்கச்சி, நான் முன்னாடி போறேன்.