ஹிலோவில் இப்போது காலை பத்து மணி

இல்லை, அது கனடாவில எடுத்த படமில்லை. ஹிலோ. ஹவாயில ஒரு துறைமுகப் பட்டினம். ஹவாய் எண்டவுடன எல்லாரும் ஹொனலூலுவைத்தான் நினைக்கிறவை. நீங்களும் அப்பிடித்தான் நினைச்சனீங்கள், முகத்தில தெரியுது. பரவாயில்லை. ஏன் கதிரை நுனியில இருக்கிறியள் ஞானேந்திரன், வடிவாச் சாய்ஞ்சு இருங்கோ. ஸ்காபரோவிலயிருந்து ஆறு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறியள், அதுக்குள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில வேற றோட்டைக் கிண்டி வைச்சிருக்கிறாங்கள். தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ? ஜெகதீஸ்வரி நிண்டிருந்தால் பலகாரமும் இருந்திருக்கும். மனிசி ஒரு பயணம் போயிருக்கிறா. ஓம், சொல்லுறன். பிள்ளையைப் பற்றித்தான் சொல்ல வாறன். பிரியம்வதாவைப் பற்றிச் சொல்லுறதெண்டால் உந்த ஊரிலயிருந்துதான் தொடங்கவேணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னம் கோயில் திருவிழாவில உங்கட மனிசியும் எங்கட மனிசியும் கண்டு கதைச்சுப் பிள்ளையளின்ர குறிப்பு மாத்தினவை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஓம், எனக்கும் நினைவிருக்கு. எங்கட கலியாணத்துக்கு ஒன்பது.

உந்தப் படத்தைப் பாருங்கோ. பிறை மாதிரி வளைஞ்ச குடா. பழைய காலத்தில உதில ராசாவும் சனமும் எல்லாரும் பலகை வைச்சு அலையில ஏறினவை. ஆம்பிளை, பொம்பிளை, கிழவன், கிழவி, வித்தியாசமில்லை. ஆனா பலகையில வித்தியாசம் இருந்தது. பெரிய குடும்பத்து ஆக்களுக்கு மூண்டு ஆள் நீளத்துக்குப் பாரமில்லாத மரத்தில பலகை. மற்றச் சனத்துக்குக் கட்டைப் பலகை, ஈரப்பலா மரத்தில. சில அலைகள் ராசாவுக்கு மட்டும். வேற ஆக்கள் ஏறினால் தண்டனை. கடலில கூடச் சாதி பாத்திருக்கிறாங்கள் பாருங்கோ. எங்கட ஆக்கள் அதை மட்டும் யோசிக்காமல் விட்டிட்டினம்.

பேந்து பாதிரிமார் வந்தினம். ஆர் தெரியுமோ? அமெரிக்கன் மிஷன். வட்டுக்கோட்டையிலயும் உடுவிலிலயும் பள்ளிக்கூடம் கட்டின அதே சங்கம்தான், கிட்டத்தட்ட அதே வருஷங்கள். பொஸ்டனில ஒரு மேசையில இருந்துகொண்டு ஒரு கப்பலை எங்களிட்டை அனுப்பிச்சினம், மற்றதை அவையளிட்டை. உடுப்பில்லாமல் ஆணும் பெண்ணும் ஒரே அலையில போறதைப் பாத்துப் பதறிப்போச்சினம். அலையில நிண்ட சனத்தை இறக்கிக்கொண்டுவந்து பள்ளிக்கூட வாங்கில இருத்திச்சினம். ஒரு அம்பது அறுபது வருஷத்தில பலகையெல்லாம் விறகாப் போச்சு எண்டு சொல்லுகினம். ஆனா கண்டியளோ, அங்கத்தைச் சனம் பேந்து எழும்பிக் கடலுக்குப் போட்டுது. எங்களையும் அதே வாங்கிலதான் இருத்தினவை. நாங்கள் இன்னும் எழும்பேல்லை. நான் எஞ்சினியர், நீங்கள் கணக்காளர், உங்கட பெடியன் பல் டொக்டர்.

ஓ, பல் டொக்டருக்கு இன்னும் படிக்கிறாரோ. சரி, சரி.

அடுத்தது கரும்பு. கரும்புத் தோட்டத்துக்கு யப்பானில இருந்து ஆக்கள் வந்தினம். வந்தவை காலப்போக்கில கரையோரமா கடையும் வீடுமாக் கட்டிக்கொண்டினம். சீனி ஏத்தக் கப்பல் வரவேணும், கப்பல் நிக்க அலை அடங்கவேணும். அதுக்காகக் கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீளமா ஒரு அலைதடுப்பு கட்டினவை. உந்தப் படத்தில கோடு மாதிரித் தெரியுதே, அது. என்ர தொழிலே அதுதான் ஞானேந்திரன். முப்பது வருஷம் ஒரு பெரிய தொட்டியில தண்ணியை விட்டு, சின்னச் சின்ன அலை எழுப்பி, அதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கணக்குப் போட்டனான். அந்த அலைதடுப்பு வந்த பிறகு குடாவுக்குள்ள பலகையில ஏறுற சேர்ஃபிங் குறைஞ்சு போச்சு. விளையாட்டு அலையை அது நல்லா நிப்பாட்டினது. கடல் நிசமா வந்த நேரம் ஒண்டையும் நிப்பாட்டேல்லை.

ரெண்டு தரம் வந்தது. 1946இல ஏப்ரல் முதலாந் திகதி காலமை. கடல் வருகுது எண்டு ஓடி வந்து சொன்னவையைப் பாத்துச் சனம் சிரிச்சதாம், ஏப்ரல் ஃபூல் பண்ணுறாங்கள் எண்டு. யப்பான் சனம் இருந்த தெரு முழுக்கப் போச்சு. திரும்பவும் அதே இடத்தில கட்டினவை. 1960இல சிலியில பூமி அதிர்ந்து, திரும்பவும் வந்தது. அந்த முறை மணிக்கணக்கா நேரம் இருந்தது. சைரன் ஊதினது. சில பேர் மேட்டுக்குப் போச்சினம். கனபேர் வீட்டிலயே இருந்திட்டினம். இன்னும் கொஞ்சப்பேர் அலையைப் பாப்பம் எண்டு கரைக்குப் போச்சினம். என்ன விசர்ச் சனம் எண்டு வாசிக்கேக்க நினைச்சனான். செத்தவை அறுபத்தொரு பேர். பேந்துதான் புத்தி வந்து, கரையில இனி வீடு வேண்டாம் எண்டு புல்லுப் போட்டு விட்டவை. இண்டைக்கும் அங்க போனால் நடு ஊரில பெரிய வெளி, தென்னை மரங்கள், ஒரு கட்டடம் இல்லை. வடிவாத்தான் இருக்கு.

ஓம், நான் போனனான். போன வருஷம்.

பிரியம்வதா எப்பிடி அங்க போனவள் எண்டு கேக்கிறியள். அதுக்கு முதல் இஞ்ச நடந்ததைச் சொல்லவேணும். உங்களுக்குத் தெரியாது, மொன்றியலில சேர்ஃபிங் இருக்கு. பகிடியில்லை. சென் லோறன்ஸ் ஆத்தில, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு இடத்தில, அடியில கல்லு இருக்கிறபடியால் ஒரு அலை எழும்பி அப்பிடியே நிக்கும். கடலில அலை ஓடும், ஆள் அதோட போவார். இதில அலை நிக்கும், தண்ணிதான் ஓடும். ஆளும் ஒரே இடத்தில நிண்டுகொண்டு ஓடவேணும். எங்கட சீவியம் மாதிரித்தான். 2002, 2003 மட்டில நாலைஞ்சு பிரெஞ்சுப் பெடியள் தொடங்கினவை. என்னோட வேலை செய்த பற்றிக் ஒரு நாள் கொம்பியூட்டரில ஒரு படம் காட்டினான். கறுப்பு ரப்பர் உடுப்பு, நனைஞ்ச தலைமயிர், கையை விரிச்சுக்கொண்டு ஒரு பிள்ளை அந்த அலைக்கு மேல நிக்குது. உன்ர மகளெல்லே எண்டு கேட்டான். நான் இல்லை எண்டன். ஏனெண்டால் என்ர மகள் அந்த நேரம் நூலகத்தில இருக்கிறவள்.

வீட்டை வந்து சத்தம் போட்டனான். இருவத்திரண்டு வயசுப் பிள்ளை, நீந்தக்கூட நான் பழக்கேல்லை, அவளாப் பழகியிருக்கிறாள். அந்த ஆத்தின்ர வேகம் உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டன். செக்கனுக்கு இத்தினை மீற்றர் எண்டு சரியாச் சொன்னாள். அந்த ஆத்தைப் பற்றின என்ர அறிக்கையை எடுத்து வாசிச்சிருக்கிறாள். அதில நான்தான் எழுதியிருக்கிறன், அந்த அலை நிலையானது, மாறாது எண்டு. அதை நம்பித்தான் ஏறினனான் அப்பா எண்டாள்.

பேந்து 2004 மார்கழிச் சுனாமி. பருத்தித்துறையில என்ர அக்கா ராஜாமணி. ஓம், நீங்கள் அப்ப மலர்வளையம் அனுப்பினனீங்கள், மறக்கேல்லை. கடற்கரை வீதியில வீடு. அத்தான் சந்தைக்குப் போனபடியால் தப்பினார். அக்காவை ரெண்டாம் நாள் எடுத்தவை.

அதுக்குப் பிறகு பிள்ளை ஒரு மாதம் ஒண்டும் கதைக்கேல்லை. தை மாதக் கடைசியில வந்து, படிக்கிற படிப்பைப் பாதியில விட்டிட்டுக் கடல்கோள் படிக்கப்போறன் எண்டாள். எங்க எண்டு கேட்டன். ஹிலோ. தாய் அழுதா. கடல் ரெண்டு தரம் தின்ன ஊருக்கோ போறாய் எண்டு கேட்டா. நான் கேக்கேல்லை. போ எண்டன். நானே கொண்டுபோய் டோர்வல் விமான நிலையத்தில விட்டனான்.

அங்க போய்ப் படிப்புக்குப் படிப்பு, சேர்ஃபிங்குக்குச் சேர்ஃபிங். ஊருக்கு வெளியில ஆறு கடலில விழுற இடம் ஒண்டு இருக்கு, ஹொனோலீ எண்டு. குடாவுக்குள்ள அலை குறைஞ்ச பிறகு எல்லாரும் அங்கதான் போறவை. அதில காலமையில பிள்ளையளுக்குப் பலகையில நிக்கப் பழக்கிற ஒரு பெடியன். கென்ஜி எண்டு பேர். பகலில றோட்டு இலாகாவில வேலை. தாத்தாவின்ர குடும்பத்தில நாலு பேர் 1946 அலையில போனவை. அப்பிடியிருந்தும் அந்தக் குடும்பத்தில எல்லாரும் கடலுக்குப் போறவை, தாத்தாவும் எழுபது வயது வரைக்கும் பலகையில ஏறினவராம்.

ஓம், அந்தப் படத்தில ஓரமா நிக்கிறவர்தான். உங்களுக்கு விளங்குது.

போன வருஷம் நான் போனது அந்தப் பெடியனில பிழை பிடிக்கத்தான். பத்து நாள் நிண்டனான். குடிக்கிறதில்லை. தாயோட மரியாதை. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த அலைதடுப்பில நடக்க வைச்சு, இதை எந்தக் கணக்கில கட்டினவை எண்டு கேட்டான். ரெண்டு மணித்தியாலம் சொன்னன். முழுக்கக் கேட்டான். என்ர மனிசி ரெண்டு நிமிசம் கேக்கமாட்டா. கடைசியில மழை வந்தது, அந்த ஊரில எப்பவும் மழை, தன்ர சேட்டைக் கழட்டி என்ர தலைக்குப் பிடிச்சான். ஒரு பிழை கிடைக்கேல்லை ஞானேந்திரன். வெறுங்கையோட திரும்பி வந்தனான்.

நேரம் என்ன? நாலு. அங்க இப்ப காலமை பத்து. அந்தப் புல்வெளியில, கடலைப் பாத்தபடி, அவைக்கு இப்ப கலியாணம் நடந்துகொண்டிருக்கும். ஓம். பிரியம்வதாவுக்கும் கென்ஜிக்கும். ஜெகதீஸ்வரி போன சனிக்கிழமையே போட்டா, கூறையும் தாலியும் கொண்டுபோனவ.

இருங்கோ. எழும்பாதேங்கோ. கோபம் நியாயம். செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் எடுத்து, மொன்றியலுக்கு ஒரு சோலியா வாறன், பிள்ளையின்ர விசயமும் நேரில கதைப்பம் எண்டு சொன்னனீங்கள். நான் அப்பவே சொல்லியிருக்கவேணும். வீட்டில பிழையாச் சொல்லுங்கோ, அவன் கணேசலிங்கம் மரியாதை தெரியாதவன் எண்டு. நான் மறுக்கமாட்டன்.

ஏன் போகேல்லை எண்டோ?

இல்லை, இல்லை. வேற சாதி, வேற இனம் எண்டெல்லாம் இல்லை. உங்கட பெடியனைவிட அவன் திறம் எண்டு சொல்ல வரேல்லை, ஆனா எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. ரிக்கெட்டும் எடுத்தனான். அலுமாரிக்குள்ள கிடக்கு.

2004 மார்கழி இருவத்தஞ்சு, நத்தார் நாள் பொழுதுபட இந்த வீட்டில ஆக்கள். பற்றிக்கும் மனிசியும், எங்கட சனம் ரெண்டு குடும்பமும். பிரியம்வதா மேல கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தவள், எட்டரை மணி மட்டில இறங்கி வந்தாள். அப்பா, சுமாத்திராவில பெரிய பூமியதிர்ச்சி, கடலுக்கடியில, எட்டுக்கு மேல எண்டாள். ராஜாமணி மாமிக்கு ஒரு போன் எடுப்பமோ எண்டு கேட்டாள். எடுக்கிறதுக்குப் போனையும் கையில எடுத்திட்டாள். அங்க அப்ப காலமை ஏழரை, ஞாயிற்றுக்கிழமை. ஜெகதீஸ்வரி அடுப்படியில நிண்டவ, நான் வந்த ஆக்களுக்கு முன்னால சிரிச்சனான். சுமாத்திரா எங்க, பருத்தித்துறை எங்க எண்டன். உது பசிபிக் சமுத்திரத்தின்ர வருத்தம், இந்து சமுத்திரத்தில வராது, நான் முப்பது வருஷம் அலையைப் படிச்சனான் எண்டு சொல்லி, அவளின்ர கையில இருந்த போனை வாங்கி வைச்சனான். சனத்தைச் சும்மா பயப்படுத்தாதை எண்டும் சொன்னன். பேந்து பற்றிக்குக்கு அலையின்ர வேகத்தை எப்பிடிக் கணக்குப் போடுறது எண்டு ஒரு கடதாசியில கீறிக் காட்டினன். அந்தக் கணக்கின்படி பருத்தித்துறைக்கு ரெண்டு மணித்தியாலம் வந்தது. சரியான கணக்கு. ரெண்டு மணித்தியாலத்திலதான் போய்ச் சேந்தது.

அவள் இதைத் தாய்க்குச் சொல்லேல்லை. அத்தானுக்குச் சொல்லேல்லை. எனக்கும் ஒரு நாள் சொல்லிக் காட்டேல்லை. ஒருக்கால் ஏசியிருந்தால் நான் போயிருப்பன். இண்டைக்கு அந்தக் கடலுக்கு முன்னால என்ர காலில விழுந்து கும்பிடுவாள், நான் தலையில கை வைச்சு நல்லா இரு எண்டு சொல்லவேணும். எனக்கு அது ஏலாது.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வாறன் எண்டு சொல்லேக்க, வராதேங்கோ எண்டு வாய் வரைக்கும் வந்தது. பேந்து யோசிச்சன். இதை ஆருக்காவது சொல்லவேணும். தமிழில சொல்லவேணும், தெரிஞ்ச ஆளாவும் இருக்கவேணும், கேட்ட பிறகு இந்த வீட்டுப் பக்கம் திரும்பியும் பாக்காத ஆளாவும் இருக்கவேணும். அப்பிடி ஒராள் லேசில கிடைக்காது. அதுதான் வாங்கோ எண்டன்.