மிசஸ் பீபாடியின் நாடி

— பொய்யை எழுதிட்டு முழிக்கிற முழியைப் பாரு! பொம்மைக்கு ஏது நாடி, கண்ணு?

— இருந்துச்சு, மிஸ் டொர்வல்ட். சத்தியமா எண்ணினேன்.

— பிரென்னா, வருஷம் பூரா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேனே, முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போற புள்ளைங்க என்ன செய்யணும்னு?

— எண்ணினதை மட்டும் எழுதணும். எண்ணாம எழுதினா ஃபெயில்.

— அப்புறம்? இப்படிக் குத்துமதிப்பா எழுதிவெச்சா, ஒரு கிழவி சாகக் கிடக்குறது கூட யாருக்கும் தெரியாது, கண்ணு.

— கையெழுத்து போட மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். திங்கக்கிழமை இல்லத்துல வந்து சேரச் சொல்லியிருக்காங்க. இறைச்சி ஆலையில அம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இந்தச் சான்றிதழை நம்பித்தான் வீடே இருக்கு.

— அதுக்காகப் பொய்க்குக் கையெழுத்து போடுவேனா?

— பொய் இல்லேங்கிறேன்ல! நீங்க வர்ற வரைக்கும் நம்ம பயிற்சி பொம்மை மிசஸ் பீபாடிகிட்ட நாடி பார்த்துப் பழகலாம்னு போனேன். நீங்க சொல்லிக்கொடுத்தபடியே, கட்டிலைத் தட்டி, பேரைச் சொல்லி, கையைத் தொடப் போறேன்னு சொல்லிட்டுத்தான் தொட்டேன். கை கதகதன்னு இருந்துச்சு.

— ரப்பர் கை, ஹீட்டர் பக்கத்துல கிடக்குது, சுடாதா? நான் லேட்டா வந்ததுதான் தப்பு. ஓடைப் பாலத்துல ஒரே பனி. காரு வழுக்கி, பள்ளத்துல தலைகுப்புற... சரி, அது கிடக்கட்டும். நடந்தே வந்தேன்.

— ஐயோ, ஒண்ணும் ஆகலையே?

— நின்னு பேசிக்கிட்டுதானே இருக்கேன்? பேச்சை மாத்தாதே. பிடிச்சுக் காட்டு.

— மிசஸ் பீபாடி, நான் பிரென்னா. உங்க கையைத் தொடப் போறேன்... மிஸ், இப்பவும் துடிக்குது! படபடன்னு.

— மக்கு, கட்டைவிரலை வெச்சிருப்பே. அது உன்னோட நாடி.

— ரெண்டு விரல்தான், பாருங்க. நீங்க அதட்டுறப்பல்லாம் இங்க துள்ளுது.

— நல்லா கதை விடுறே! இந்தா, இன்னொரு கையால என் மணிக்கட்டைப் பிடி. நிஜ நாடி எப்படியிருக்கும்னு தெரியட்டும்.

— உங்க கையைத் தொடப் போறேன், மிஸ்... அம்மாடி, இவ்வளவு ஜில்லுன்னா இருக்கும்?

— பனியில நடந்தேனே. எண்ணு.

— கிடைக்கல.

— நல்லா அழுத்து.

— அழுத்துறேன் மிஸ். ஒண்ணுமே இல்ல. வெளியே இப்படிக் கொட்டுது, உங்க தலையில ஒரு பொட்டு பனி கூட இல்லையே.

— என்னைப் பயமுறுத்தாதே, பிரென்னா.

— மிசஸ் பீபாடிக்கு மறுபடியும் துள்ளுச்சு! இல்ல... இப்ப தளருது. மிஸ், தளர்ந்துக்கிட்டே வருது. காருக்குள்ளேர்ந்து எப்படி வெளியே வந்தீங்க?

— கதவைத் தள்ளி... கதவு... கதவு திறக்கவே இல்லையே, கண்ணு. நீ எண்ணினது என்னோட நாடிதான். போதும். பாலத்துக்கு ஆளை அனுப்பு.