பேய்ப் படத்துக்குப் போன மாப்பிள்ளை

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேய் வந்ததும் மாப்பிள்ளை என் மடியில ஏறாத குறைதான்க்கா" என்றாள் இளையவள்.

நான் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் பார்த்திருக்கும் வரனோடு நேற்றுதான் அவள் முதன்முதலாகப் படத்துக்குப் போயிருக்கிறாள்.

"படம் எப்படிலா?"

"சுத்த குப்பைக்கா. பேய் மூஞ்சி பூரா மாவு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. இவரு பாப்கார்ன முன்னால இருந்த மலாய்க்காரப் பெரியவரு, ஒரு பாக்சிக், தலையில கொட்டிட்டாரு."

"ஐயையோ, அப்புறம்?"

"மன்னிப்பு கேக்க எந்திரிச்சாரு. அந்த நேரம் பாத்து பேய் மறுபடியும் வந்துச்சு. அந்த பாக்சிக்கையே கட்டிப் புடிச்சுக்கிட்டாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் இருக்கை ஆடியது. மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படிப் பயந்தாங்கொள்ளி உனக்கு எதுக்குலா? வேணாம்னு உங்கம்மாகிட்ட நான் சொல்லிறவா?"

"வேணாம்க்கா. சரின்னு சொல்லிருங்க." அவள் குரல் தணிந்தது. "முன்னாடி பாக்க வந்தவங்கல்லாம் என் முன்னால பெரிய ஹீரோ மாதிரி நடிச்சாங்க. இவருக்கு நடிக்கவே வரலக்கா."