கழுவி வைத்த கண்ணாடி

நேரில் கேட்டால் எனக்கு வாய் எழாது. அதனால் தமிழில் எழுதியே தருகிறேன். பொலிஸ் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சவரிமுத்து றோசலின். வயது 24. விலாசம் எட்டாம் லயம், வெள்ளைமலைத் தோட்டம், தலவாக்கலை. விஞ்ஞானப் பட்டதாரி. சென்ற நவம்பர் முதல் இந்நகர ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமிப் பரிசோதனை பழகி வருகிறேன்.

சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். நீலத்தில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் சயரோகம். தட்டுப்பாட்டால் மற்றத் துண்டுகளைக் கழுவிப் பாவித்தாலும், சிவப்பு கண்டதில் கழுவினாலும் கிருமி ஒட்டியிருக்கலாம், அதை உடைத்தெறிய வேண்டும் என்று எனக்குப் பழக்கும் லோரன்ஸ் ஐயா முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஜாம் போத்தலில்தான் தேநீர் குடிப்போம். நல்ல கண்ணாடியை யாரும் உடைப்பதில்லை. 1975 மார்ச் 4ஆம் திகதி அப்படியொரு துண்டை உடைக்க மனம் வராமல் கழுவி வைத்தேன். அதன் மூலையில் சிறு வெடிப்பு இருந்தது.

அதன் பிறகு 11ஆம் திகதி, வேறொரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயியின் சளியில் சிவப்பு கண்டு, நோய் உண்டென எழுதினேன். அதன் பிறகு லோரன்ஸ் ஐயா மேலும் இரண்டு நாள் காலைச் சளி எடுப்பித்துப் பார்த்து, இரண்டிலும் ஒன்றும் இல்லாததால், "முதல்ல பூசினது புதுக் கண்ணாடிதானே, பிள்ளை?" என்று கேட்டார். வேலாயியின் சளி பூசிய துண்டின் மூலையில் அந்த வெடிப்பை அதற்குள் நான் கண்டிருந்தேன். "புதுசுதாங்க" என்றேன். எழுதியது அப்படியே தோட்டத்துக்குப் போனது.

அதன் பிறகு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் கங்காணி பொன்னையா எல்லோர் முன்னும், "வேலாயிக்கு இனிமே பேரு கெடையாது. அவ பக்கத்துல யாரும் நிக்காதீங்க" என்று சொல்லி வேலையை நிறுத்தியதாகவும், ஐந்து மாதப் பிள்ளையை அவரிடமிருந்து எடுத்து வேறு லயத்தில் விட்டதாகவும், அதன் பிறகு கணவர் பழனியாண்டி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திப் பிடியால் கங்காணியை அடித்து உங்கள் காவலில் இருப்பதாகவும் அறிந்தேன்.

நேற்று வேலாயி ஆஸ்பத்திரிக்குச் சயரோக ஊசி போட்டுக்கொள்ள வந்தார். ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது. "நீங்கதானே பாத்தீங்க தங்கச்சி, கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். அதன் பிறகே லோரன்ஸ் ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். இன்று காலை அவர் வேலாயியின் சளியைப் புதுக் கண்ணாடியில் பூசிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

இதில் உள்ளதெல்லாம் உண்மை. யாரும் சொல்லித்தந்து எழுதியதல்ல. வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன். கேட்கத் தயங்கிய ஒன்று உண்டு. வேலாயிக்கு நோய் இல்லை, பிழை என்னுடையது என்று அதே பெரட்டில் என் வாயால் சொல்ல என்னைக் கூட்டிப்போக வேண்டும்.

ச. றோசலின்
26.03.1975