தப்பாக வாசித்த டிரம்பெட்

விளாங்குடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் மடியில் டிரம்பெட் பெட்டி இருந்தது. இளையவர் ஜாஸும் கர்நாடக சங்கீதமும் மட்டும் வெளியிடுகிற சின்ன இசைக் கம்பெனி ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கியவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“சார், அன்னைக்கு ரெக்கார்டிங்ல நீங்க தப்பா வாசிச்சதத்தான் வெளியிடப் போறேன்,” என்றார் இளையவர்.

“தம்பி, நல்லா வாசிச்சது ரெண்டு இருக்குல்ல?”

“இருக்கு. அதக் கேட்டா எனக்குத் தூக்கம் வருது.”

“நான் ஸ்கூல் வாத்தியார். பிள்ளைக கேட்டாச் சிரிக்கும்.”

“தப்பு எங்கன்னு பிள்ளைகளுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்ல. பாதியில நின்னுட்டேன். திரும்ப ஆரம்பிச்சா மெட்டு மறந்துபோச்சு. அன்னைக்குக் காலையிலதான் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே சார்.”

“வாசிக்கிற ஆளுகளெல்லாம் வந்துட்டாங்க. எப்படிச் சொல்றது?”

இளையவர், “சரி, அத அழிச்சிர்றேன்,” என்றார்.

“அழிக்காதீங்க. நீங்க போன்ல அனுப்புனத நேத்து அவளுக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து படுத்தே கெடந்தவ, எந்திரிச்சு உக்காந்துட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“நான் நின்ன எடம் வந்ததும், ‘என்னைய நெனச்சீங்களா?’ன்னு கேட்டா. ஆமான்னேன்.”

“அப்புறம்?”

“‘தப்பா வாசிச்சிருக்கீங்க’ன்னா. திரும்பவும் போடச் சொன்னா.”