வெள்ளையாகத் தெரிந்த இடம்

— இல்ல டாக்டரம்மா, முதுகு வலிக்காரன் படுப்பானா, எந்திரிச்சு நடப்பானா? நீங்களே சொல்லுங்க.

— எல்லா வலியும் ஒண்ணு இல்ல பானு. உங்க வீட்டுக்காரரு ரெங்கராஜ் எப்ப எந்திரிக்கிறாரு?

— கோழி கூவுறதுக்கு முன்னாடி. ஐயோ அம்மான்னு சுவத்தைப் புடிச்சு எந்திரிப்பாரு. காவேரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாறப்ப நிமிந்து, சிரிச்சுக்கிட்டு வருவாரு. அங்க படித்துறைப் பக்கம் ஒருத்தி இட்லிக்கடை போட்டிருக்கா. புருஷன் இல்லாதவ. தலை நெறைய பூ.

— பூ வச்சது ஒரு குத்தமா?

— எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லன்னாங்களே. அப்ப வலி பொய்தானே? காந்தி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறப்ப வலிக்காதாம், என் பக்கத்துல படுத்தா மட்டும் வலிக்குமாம். அன்னையிலேர்ந்து பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயி புள்ளைங்களோட படுத்துக்குறேன்.

— இங்க வாங்க. இப்ப எடுத்த எம்ஆர்ஐ படம் இது. முதுகெலும்பு இடுப்புல சேர்ற மூட்டு. ரெண்டு பக்கமும் வெள்ளையாத் தெரியுதா?

— பால் சிந்துன மாதிரி இருக்கு.

— அது எலும்புக்குள்ள இருக்குற வீக்கம். நோய் இப்ப மும்முரமா இருக்குன்னு அர்த்தம். எக்ஸ்ரேல எலும்பு கெட்டப்புறம்தான் தெரியும். இது முதுகைப் பிடிக்கிற ஒரு வாதம். படுத்துக் கிடந்தா இறுகும், நடந்தா தளரும்.

— அப்ப அவரு சிரிச்சுக்கிட்டு வந்தது?

— வலி விட்டதால. மருந்து குடுத்து மறுபடியும் படம் எடுப்போம். வெள்ளை குறைஞ்சா மருந்து கேக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

— பாவி நான். அவ கடைக்கு முன்னாடி போயி நின்னு மண்ணை வாரித் தூத்திட்டு வந்தேனே.

— அதை அவருகிட்டயே சொல்லுங்க. அதோ, சட்டை மாத்திட்டு வராரு.

— என்னங்க, உங்க வலி நெசந்தாங்க. டாக்டரம்மா படத்துல காட்டுனாங்க. இன்னைக்கே பாயை எடுத்துட்டு வந்துடுறேன். நாளையிலேர்ந்து நானும் கூட நடக்க வரேன்.

— சரி பானு, அப்புறம் பேசுவோம். மிஷினுக்குள்ள உலோகம் எதுவும் ஆகாதுன்னு நான் போட்டிருந்ததையெல்லாம் கழட்டச் சொல்லி, அந்த நர்ஸ் பொண்ணு பொட்டலமாக் கட்டி உங்கிட்ட குடுத்துச்சே, எங்க அது? பிரிக்காம அப்படியே குடு.

— நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிரிச்சுட்டேன். அரைஞாண்கயிறு நான் கட்டுனது. அதுல இந்த வெள்ளித் தாயத்தைக் கோத்து விட்டது யாரு?