எழுபது வளைவும் ஒரு ஸ்டாரும்

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் கறிச்சோற்றுக் கடை நடத்தும் நான், அடிவாரம் வந்ததும் என் பிழைப்பு முடிந்துவிடும் என்றே நம்பினேன். மத்தியானம் என் கடையில் சாப்பிட்ட புருஷனும் பெண்டாட்டியும், எழுபது வளைவு சுற்றி மலையிறங்கும் பஸ்ஸில் என் பின்சீட்டில் இருந்தார்கள்.

"ஏனுங்க, சிக்னல் வரட்டும். அந்தக் கடைக்கு ஒரு ஸ்டார்தான்."

"மூணு தடவ கறி வாங்குனியே கண்ணு?"

"வயித்துல தங்குச்சா? இருவதாவது வளைவுலயே வெளிய வந்துருச்சுங்க."

"அது ரோடு பண்ணுன வேல. கடை என்ன பண்ணும்?"

"ரோட்டுக்கு எங்கீங்க ஸ்டார் போடறது?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சிக்னலே வரக்கூடாது என்று வளைவுக்கு வளைவு வேண்டிக்கொண்டேன்.

அடிவாரத்தில் என் செல்போன் அதிர்ந்தது. கடைக்கு ஐந்து ஸ்டார். கீழே அவள் எழுதியிருந்தாள்: "கறி அருமை. தின்னுட்டு உடனே பஸ் ஏறாதீங்க."